மேட்டுத் தெரு, பள்ளத் தெரு

காய்ச்சல் என்று ஒருவர் வந்து நின்றால் டாக்டர் நாடி பார்ப்பார், ரத்தம் எடுக்கச் சொல்வார். சுகாதார ஆய்வாளனுக்கு அந்த வசதி கிடையாது. எங்கள் கையில் இருப்பவை நாலு கேள்விகள். "எந்த ஊரு?" "ஊருல எந்தப் பக்கம், ஏரிக்கரைப் பக்கமா, மேட்டுப் பக்கமா?" "வேலைக்கு எங்க போறீங்க?" கடைசியாக, "வூட்டுல குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து வருது, வேலை செய்ற எடத்துல எங்கேர்ந்து வருது?" நாலாவது கேள்விக்குப் பதில் வருவதற்குள் பாதி விஷயம் பிடிபட்டுவிடும். மீதியை ஆய்வகம் சொல்லும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பாலாற்றங்கரைப் பகுதி வட ஆற்காடு மாவட்டம். பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அதன்பின் வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரோடு நின்றன. பதிவேடுகளின் தலைப்பு மாறிக்கொண்டே வந்தது. பாலாறு மட்டும் தன் பாட்டுக்கு மேற்கிலிருந்து கிழக்காக இறங்குகிறது. வாணியம்பாடியில் கலந்தது ஆம்பூருக்கும், ஆம்பூரில் கலந்தது பள்ளிகொண்டாவுக்கும், மேல்விஷாரத்தில் கலந்தது ஆற்காடு, வாலாஜா பக்கத்துக்கும் வந்துதான் தீரும். நோய்க்கு எல்லை கிடையாது என்று மேடையில் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய்க்கு எல்லை உண்டு. அது தாலுகா வரைபடத்தில் இல்லை. நிலத்தின் சரிவு, காற்றின் திசை, குழாய் முடிகிற இடம், ஆள் கூலிக்குப் போகிற தடம், இவைதான் அதன் எல்லைகள்.

தோல் தொழில் இந்த ஊர்களுக்கு வந்ததற்கும் நிலமே காரணம். பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து நம்மிடம் வருவதற்குள் பெரும்பாலும் மணலாகிவிடும். மேலே தண்ணீர் ஓடும் நாள் குறைவு. மணலுக்கு அடியில் ஓடியது. கையால் தோண்டினாலே ஊற்று வரும். சுற்றிலும் மானாவாரிக் காடு. ஆடு மாடு வளர்க்கத் தோதான இடம். ஆவாரஞ்செடி தானாக முளைத்துக் கிடக்கும். அதன் பட்டையும் கடுக்காயும்தான் அந்தக் காலத்தில் தோலைப் பதப்படுத்தின. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. தண்ணீர், பட்டை, தோல், துறைமுகத்துக்கு ரயில், வியாபாரம் தெரிந்த குடும்பங்கள் எல்லாம் ஒரே கோட்டில் அமைந்தன. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஷாப்புகள் ஆற்றை ஒட்டியே எழும்பின. ஆறு தண்ணீரும் கொடுத்தது, கழிவையும் கொண்டுபோனது. எந்த இரண்டு காரணத்துக்காகத் தொழில் இங்கே வந்ததோ அதே இரண்டும் பின்னால் நமக்கு வினையாயின.

1970-களில் அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. தோலை இங்கேயே முழுசாக முடித்து, ஷூவாகவும் பையாகவும் அனுப்பினால் நாட்டுக்கு வருமானம், ஆட்களுக்கு வேலை என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. வேலை வந்தது. இன்றைக்கும் ஆம்பூர் பக்கம் பல வீடுகளில் அடுப்பு எரிவது அந்த வேலையால்தான். ஆனால் ஆவாரம்பட்டை போய் குரோம் உப்பு வந்த வேகத்துக்குக் கழிவைச் சுத்திகரிக்கிற வசதி வரவில்லை.

இந்த இடத்தில் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருகிற பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் இந்தப் பகுதி என்றால் குரோமியம் என்றே எழுதுகிறார்கள். களத்தில் நிற்கிறவனுக்கு அது போதாது. தோல் ஷாப்பின் வேலை வரிசையை ஒருமுறை மனசில் ஓட்டிப் பாருங்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பில் புரட்டித்தான் வரும். முதல் வேலை அதை ஊறவைத்து உப்பைக் கழுவுவது. அடுத்து சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்டு மயிரை நீக்குவது, சவ்வைச் சீவுவது. அதற்கப்புறம்தான் டிரம்மில் குரோம். குரோம் பதனிடலில் வெளிவருகிற குரோமியம் மூன்றிணைதிறன் கொண்டது. சாக்கடைச் சேற்றிலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும் தன்மை அதற்கு அதிகம், சீக்கிரம் நகராது. உப்பு அப்படி இல்லை. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே உப்பும் போகும். ஏரிக்குப் போகும், கிணற்றுக்கு இறங்கும், மணலடியில் அடுத்த ஊருக்கும் போகும். சாதாரணச் சுத்திகரிப்பில் கிருமிகள் சாணத்தையும் சவ்வையும் தின்னும், உப்பைத் தின்னாது. ஆகையால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும் கிணறுகள் கரித்தன. எதிர் சவ்வூடு பரவல், கொதிகலன் ஆவியாக்கம் என்று வைத்து ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு ஆலைகள் தள்ளப்பட்டதன் காரணமும் இந்த உப்புதான். அங்கேயும் உப்பு ஒழிவதில்லை, மூட்டையாகிக் கிடக்கிறது.

ராணிப்பேட்டையின் குரோமியம் வேறு சங்கதி. சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுப்போனது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மேடு. அதில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். இது தண்ணீரில் கரையும், நகரும், மஞ்சளாகக் கசியும், புற்றுநோயை உண்டாக்கும். 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க அமைப்பு உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. ஆகவே ஆம்பூரில் ஒருவருக்குத் தோல் அரிப்பு என்றால் நான் கேட்கிற கேள்வியும், ராணிப்பேட்டை சிப்காட் ஓரத்தில் ஒருவருக்கு அரிப்பு என்றால் கேட்கிற கேள்வியும் ஒன்றில்லை. ஆம்பூர்க்காரரிடம் எந்த டிரம்மில் வேலை, கையுறை உண்டா, சிமெண்ட் வேலைக்கும் போவீர்களா என்று கேட்பேன். மற்றவரிடம் வீட்டுக் கிணறு எத்தனை அடி, மழைக்குத் தண்ணீர் நிறம் மாறுகிறதா என்று கேட்பேன்.

தண்ணீரின் குணத்தை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்தவர்கள் பெண்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் கைக்கு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, "இந்தக் கெணத்துல பருப்பு வேகல சார்" என்பார்கள். "சோப்பு நுரைக்கல, தலைமுடி சிக்குப் புடிக்குது" என்பார்கள். அது கடினத்தன்மைக்கான பரிசோதனை முடிவு. கட்டணம் இல்லாமல் கிடைப்பது. மீட்டரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்ல தண்ணீர், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த வரம்பைத் தாண்டிய கிணறுகளை இந்தப் பகுதியில் தேடிப் போக வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, அடியில் இருப்பது கடினப்பாறை. திருப்பத்தூர் பக்கம் ஃபுளோரைடு பாறையிலிருந்தே வருகிறது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு தெரிந்தால் அதற்கு ஆலையைக் கைகாட்டக் கூடாது. எது மண் கொடுத்தது, எது மனுஷன் கொடுத்தது என்று பிரித்துப் பார்ப்பது இந்தத் தொழிலின் மிக நுட்பமான பகுதி. மொத்தமாக ஆலைமேல் பழி போட்டால் கைதட்டல் கிடைக்கும், அந்தப் பிள்ளைக்கு வேறு தண்ணீர் கிடைக்காது.

வங்கதேசத்தின் கடலோரக் கிராமங்களில் உப்பேறிய குடிநீருக்கும் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆம்பூர் கடலிலிருந்து கிட்டத்தட்ட நூற்றைம்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடல் இல்லாமலே இங்கே கடற்கரைத் தண்ணீர். தாய்மார் அட்டையில் ரத்த அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் கிராம சுகாதார செவிலியர்களிடம் நான் சொல்வது: ஊறுகாய், கருவாடு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், குடம் எங்கே நிரம்புகிறது என்றும் கேளுங்கள்.

உள்ளூர்க் கிணறு கைவிட்டதும் தண்ணீர் தூரத்திலிருந்து வந்தாக வேண்டும். இப்போது மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, பாலாற்றங்கரை ஊர்களுக்கு. வந்தது நல்லதுதான், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூரத்துத் தண்ணீர் தினமும் வராது. முறை வைத்து வரும். முறை வைத்து வந்தால் வீட்டில் பிடித்து வைக்க வேண்டும். பிடித்து வைக்க டிரம் வேண்டும். இந்த ஊர்களில் மலிவாகக் கிடைக்கிற டிரம் எது? ஆலைக்கு ரசாயனம் வந்த நீல நிற பேரல். அதைக் கழுவி, வாயை அறுத்து, வாசலில் வைத்துத் தண்ணீர் பிடிப்பார்கள். மூடி இருக்காது. ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு வேண்டுமா? டெங்கு என்றதும் தேங்காய்ச் சிரட்டை, டயர், ஆட்டுக்கல் என்று படம் போட்டுப் பிரசாரம் செய்வோம். நான் கையில் டார்ச்சோடு எட்டிப் பார்த்தவரைக்கும் லார்வா நெளிந்தது பெரும்பாலும் அந்த பேரல்களில்தான். உப்பு கிணற்றைக் கெடுத்தது, கெட்ட கிணறு பேரலைக் கொண்டுவந்தது, பேரல் கொசுவைக் கொண்டுவந்தது. ஆலைக் கழிவுக்கும் டெங்குவுக்கும் உள்ள இந்தத் தொடர்பு எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. தெருவில் நடந்தால் கிடைக்கும்.

குளோரின் போடுவது வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வேலை. ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, கசடு படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் மேல்நிலைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். பவுடர் வீரியமாக இருக்க வேண்டும். மூட்டையை ஈரத் தரையில் வைத்திருந்தால் நீங்கள் போடுவது வெறும் சுண்ணாம்பு. இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எங்கே சோதிப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. தொட்டிக்குக் கீழே இருக்கிற முதல் குழாயில் குளோரோஸ்கோப்பை நீட்டினால் அழகாக மஞ்சள் வரும். பதிவேட்டில் எழுதிவிட்டு டீக்கடைக்குப் போய்விடலாம். கடைசிக் குழாய்க்குப் போக வேண்டும். அங்கே 0.2 பி.பி.எம். இருந்தால்தான் ஊருக்குக் குளோரின் போட்டதாக அர்த்தம்.

அந்தக் கடைசிக் குழாய் யார் வீட்டு வாசலில் இருக்கிறது? இந்தப் பக்கத்து ஊர்களின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் மேட்டில் இருக்கும், காலனி பள்ளத்தில் இருக்கும். ஏரி உபரிநீர் போகிற வாய்க்கால் காலனி ஓரமாகப் போகும். பின்னாளில் ஆலை வந்தபோது அதற்குக் கிடைத்த மலிவான நிலமும் அந்தப் பக்கம்தான். ஆலையின் ஈர வேலை, அதாவது ஊறவைப்பது, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவது, சவ்வு எடுப்பது, பெரும்பாலும் அதே காலனி ஆட்களுக்கு. ஆகவே ஒரே ஆள் பகலில் அந்தத் தண்ணீரில் நிற்கிறார், இரவில் அதன் நாற்றத்தில் தூங்குகிறார், காலையில் குழாயின் கடைசி வாய்க்குக் குடத்தோடு வருகிறார். மேல்நிலைத் தொட்டி கட்டும்போது ஊர் நடுவில் கட்டுகிறோம். குழாய் சாக்கடையைத் தாண்டித்தான் காலனிக்குப் போகிறது. சப்ளை நின்றதும் குழாயில் வெற்றிடம் ஏற்பட்டு, விரிசல் வழியாக வெளியில் நிற்பதை உள்ளே இழுக்கும். அடுத்த முறை வால்வைத் திறந்ததும் முதல் இரண்டு குடம் யாருக்குப் போகிறதோ அவர்களுக்கு வயிற்றுப்போக்கு.

அப்படி ஒரு வயிற்றுப்போக்கு நேரத்தில் ஸ்பாட் மேப் போட்டோம். பெயர் வேண்டாம், ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ஒரு கிராமம். நோயாளி வீடுகளைச் சிவப்புப் புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தால் காலனியில் ஒரு கொத்து, அது எதிர்பார்த்தது. மேட்டுத் தெருவிலும் சம்பந்தமே இல்லாமல் நாலைந்து புள்ளிகள். என்னோடு வந்த இளம் டாக்டர் குழம்பிவிட்டார். அங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயாதான் அவிழ்த்துவிட்டார்: "அதுங்கல்லாம் பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்கப் போறவளுங்க வூடு, சார். பள்ளிக்கூடத்துக் கொழாய் கீழண்டைதானே இருக்குது." அவர்கள் குடியிருப்பது மேட்டில், குடிப்பது பள்ளத்தில். வால்வுக் குழியைத் தோண்டினோம், சாக்கடைக்குள் உட்கார்ந்திருந்தது.

1854-ல் லண்டன் பிராட் தெருவில் ஜான் ஸ்னோ போட்ட காலரா வரைபடத்தைப் பொது சுகாதாரம் படிக்கிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். காலராவைப் பரப்பிய அந்தத் தெரு அடிபம்பின் கைப்பிடி அந்த ஆண்டு செப்டம்பரில் கழற்றப்பட்டது. வரைபடம் அதற்கு அப்புறம்தான் வரையப்பட்டது. பலருக்கு இது தெரியாது. அவர் விஷயத்தைக் கண்டுபிடித்தது வீடு வீடாகக் கேட்டு. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு மூதாட்டி காலராவில் இறந்தார். விசாரித்தால் பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அதை வரவழைத்துக் குடித்தவர். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் தப்பினார்கள். அவர்களுக்கு ஆலையில் பீர் இலவசம். புள்ளி எங்கே விழுகிறது என்பதைவிட, விழ வேண்டிய இடத்தில் ஏன் விழவில்லை, விழக்கூடாத இடத்தில் ஏன் விழுந்தது என்று கேட்கத் தெரிய வேண்டும். இப்போது செல்பேசியிலேயே அட்சரேகை, தீர்க்கரேகை வந்துவிடுகிறது. நல்ல வசதி. அது ஆள் தூங்குகிற இடத்தைச் சொல்லும். குடிக்கிற இடத்தை அந்த ஆயாதான் சொல்வார்.

தண்ணீர் மாதிரியே வாயுவும் பள்ளத்தைத் தேடும். சுண்ணாம்புக் கழிவில் இருக்கிற சல்ஃபைடு அமிலக் கழிவோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாசனை போயிடுச்சு, எறங்கலாம்" என்று இறங்குகிறவர்தான் சாகிறார். அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாமவரும் சாகிறார். இந்தப் பகுதியில் கழிவுத்தொட்டிச் சாவுகள் இரட்டையாகவும் மூன்றாகவும் வருவதன் காரணம் இது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் நடந்தது இன்னொரு விதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சேறு புகுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்கிற இடத்திலேயே தூங்க இடம் கொடுப்பது ஒரு சலுகை போலத் தெரியும். கழிவுக்குப் பக்கத்தில் படுக்கை போடுவது என்றுதான் நான் அதைப் பதிவேட்டில் எழுதுவேன்.

மலையடிவாரத்துக்கு வந்தால் எல்லாம் மாறும். ஜவ்வாது மலை, ஏலகிரி, பேரணாம்பட்டுக் காடு, இந்த ஓரங்களில் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை விடாத காய்ச்சலோடு வருகிறவர்களை இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் பார்க்கச் சொல்வேன். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சல். புதர் இருந்தால் எலி, எலிமேல் சிற்றுண்ணி, அதன் கடியில் கிருமி. மலிவான டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் தீரும். தாமதித்தால் நுரையீரலைப் பிடித்து ஆளைக் கொல்லும். இங்கேயும் பாலாற்றங்கரைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நெல்லும் கரும்பும் தென்னையும் நின்ற நிலம் உப்பேறித் தரிசானால் அங்கே சீமைக்கருவேலம் வரும். அதுவும் புதர்தான். ஆடு மேய்க்கிறவர்கள் அதற்குள் நுழைகிறார்கள். ஆகவே இந்தக் காய்ச்சலை மலை ஓரத்தில் மட்டும் தேடக் கூடாது.

வேலூர் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பெரிய ஆஸ்பத்திரி. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயில் ஏறி வருகிறார்கள். அந்த சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தவர். சில ஆண்டுகளுக்குள் குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி மரத்தடியில் வைத்தியம் பார்க்கவும் தொடங்கிவிட்டார். வேலூர் தாலுகா, குடியாத்தம் தாலுகா எல்லாம் நாட்டிலேயே தொழுநோய் மிகுந்த வட்டாரங்களாக இருந்தவை. 1955-ல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தது. அங்கேயும் சி.எம்.சி.யிலும் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் காட்டிய விஷயத்தை நினைத்துப் பார்க்கிறேன்: தொழுநோயாளியின் பாதம் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சியற்ற கால் கல்லையும் முள்ளையும் சூட்டையும் மிதித்து மிதித்துப் புண்ணாகிறது. ஆகவே மருந்தோடு செருப்பும் சிகிச்சை. மிருதுவான நுண்துளை ரப்பரில் செருப்பு செய்து கொடுத்தார்கள். வேலூர் வெயிலில் மே மாதம் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்கு அந்த செருப்பின் மதிப்பு தெரியும். உலகத்துக்கெல்லாம் ஷூ தைக்கிற வட்டாரத்தில் சொந்த ஜனத்துக்குச் செருப்பு மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது!

அந்த ஷூ யார் தைக்கிறார்கள்? பெண்கள். காலை ஏழு மணிக்கு ஆம்பூர் சாலையில் நின்று பாருங்கள். கிராமம் கிராமமாக ஷூ கம்பெனி வேன்களும் பஸ்களும் வந்து அள்ளிக்கொண்டு போகும். இருட்டியபின் திரும்பும். நம் துறையோ பகல் பத்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டுகிறது. 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' அருமையான திட்டம். வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. இந்தப் பகுதியில் வீட்டில் கிழவிதான் இருப்பார். முப்பது, நாற்பது வயதுப் பெண்ணின் நாள் கம்பெனியில் இருக்கிறது. கழிவறைக்குப் போக யோசித்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றோடு ஞாயிற்றுக்கிழமை வருவார். ஞாயிறன்று நம் சுகாதார நிலையம் அவசரத்துக்கு மட்டும் திறந்திருக்கும். வேலைக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கிறார்கள். சில வீடுகளில் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா திறந்தே இருக்கும்; ஒற்றை அறை, ஜன்னல் கிடையாது, மூலையில் தொட்டிலில் குழந்தை. அதைப் பார்த்தால் ஆலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று யார் கோடு போட முடியும்?

நீதிமன்றம் இந்த நிலத்தைப் பற்றிப் பேசியது ஊரறிந்த கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பை இந்தியாவின் சட்டக் கல்லூரிகள் எல்லாம் படிக்கின்றன. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. ஒரு கிலோ தோல் முடிக்க 35 லிட்டர் தண்ணீர், சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. அதன்படி அமைந்த ஆணையம் ஊர் ஊராகக் கணக்கெடுத்து, 2001-ல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு சுமார் 26 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்மானித்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, நிலுவை இழப்பீட்டை அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வேண்டி வந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 வருஷத்துக்கு மேல். கிணற்றை இழந்தவர்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற சுகாதார ஆய்வாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் லைன் லிஸ்ட்டில் பெயர், வயது, பாலினம், முகவரி, அறிகுறி, தேதி என்று பத்திகள் இருக்கும். அவற்றோடு இன்னும் மூன்று பத்தி சேருங்கள்: வேலை செய்யும் இடம், குடிக்கும் தண்ணீர், தெரு மேடா பள்ளமா. மேலதிகாரி கேட்கமாட்டார்; நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பேற்கும் ஊரை முதல் வாரத்திலேயே, தொட்டியிலிருந்து கடைசிக் குழாய் வரைக்கும் தண்ணீர் போகிற வழியாக நடந்து பாருங்கள். ஷூ கம்பெனி ஊர்களில் வீட்டுப் பார்வையை மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள். தண்ணீர் மாதிரியை மே மாதத்தில் ஒன்றும் நவம்பர் மழைக்குப் பின் ஒன்றும் எடுங்கள், இரண்டையும் ஒரே கிணற்றில்.